நிறையாத ஐஸ் மெஷின்

ஐஸ் மெஷினுக்கும் சமையலறைச் சுவருக்கும் இடையில் ஒருக்களித்துப் படுத்து, வாயில் டார்ச் லைட்டைக் கவ்விக்கொண்டு, நான் அதன் முதுகை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். நான் ஹார்ட்வேர் கடைக்குப் போயிருப்பதாக என் மனைவி நவமணி நினைத்துக்கொண்டிருந்தாள்.

போகத்தான் போனேன். எந்த அளவு ஸ்க்ரூ வேண்டும் என்று பார்க்காமலே சைக்கிளை எடுத்துவிட்டதால், பாதி வழியில் திரும்பிப் பின்வாசல் வழியாக வந்தேன். இதையெல்லாம் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்தில் துரைமார் கிளப்பை மூடியபோது ஏலத்தில் எடுத்த மெஷின் அது. நெஞ்சு உயரம் இருக்கும். மேல்பாதியில் தண்ணீர் உறைந்து, கட்டி கட்டியாகக் கீழே இருக்கும் பெட்டியில் விழும். பெட்டி நிறைந்ததும் மெஷின் தானாக நின்றுவிடும். ஈப்போ நகரத்துப் புந்தோங் பகுதியில் எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் அப்போது பிரிட்ஜே கிடையாது.

நானோ ஈயச் சுரங்கத்தில் பம்பு பழுது பார்ப்பவன். லாரியிலிருந்து இறக்கும்போதே, "இந்தக் கைக்கு அடங்காத மெஷின் இன்னும் பொறக்கல," என்று தெருவே கேட்கும்படி சொன்னேன்.

அதோடு விட்டிருக்கலாம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் சிராப் தண்ணிக்கு வேண்டிய ஐஸ் முழுவதும் என் பொறுப்பு என்று நண்பன் பிச்சைமுத்துவிடம் சொல்லிவிட்டேன். அவன் அதைக் கோயில் கமிட்டியில் அறிவித்தான். கைதட்டினார்களாம்.

முதலில் பெட்டி ஒழுங்காக நிறைந்தது. பிறகு நிறையவே இல்லை. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது பாதிக்கு மேல் இருக்கும். சாயங்காலம் திரும்பினால் அடியில் நாலு கட்டி கிடக்கும்.

மெஷின் சாய்ந்து நிற்கிறது என்று முடிவு செய்து, ரசமட்டம் வைத்து நாலு காலையும் திருகினேன்.

பின்பக்கத் தகடுகளில் அடைந்திருந்த தூசியைப் பெயிண்ட் பிரஷால் தட்டினேன். அது என் மூக்கில் அடைந்தது.

ஊரைச் சுற்றிச் சுண்ணாம்பு மலை. குழாய்க்குள்ளும் சுண்ணாம்பு படிந்திருக்கும் என்று வினிகரை ஊற்றி ஓடவிட்டேன். வாரம் முழுவதும் ஐஸ் ஊறுகாய் ஜாடி மாதிரி மணந்தது.

கதவு ரப்பரையும் மாற்றினேன்.

ஐஸ் உருகித்தான் குறைகிறது என்றால், வடிகுழாயின் கீழ் வைத்த வாளியில் தண்ணீர் சேர வேண்டும். வாளியில் காக்காய் குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. ஆகவே ஐஸ் உருகாமல் நேராக ஆவியாகிறது என்று பிச்சைமுத்துவுக்குப் படம் வரைந்து விளக்கினேன். அவன் மரியாதையாகத் தலையாட்டினான்.

இப்போது, படுத்தபடியே, ஆவி வெளியேறும் ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பெட்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கரண்டி ஐஸில் இறங்கியது.

பிறகு, கறுக். முறுக்.

தலையை மெல்ல வெளியே நீட்டினேன்.

நவமணி மெஷினில் சாய்ந்து நின்றுகொண்டு, பெரிய குவளை நிறைய ஐஸ் வைத்துக் கண்ணை மூடிக் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள். குவளை காலியானது. கரண்டி மறுபடி இறங்கியது.

"ஏய்!" என்றேன். வாயில் டார்ச் இருந்ததால் அது மாடு கத்தியது போல வந்தது.

அவள் அலறிக் குவளையைப் போட்டாள். ஐஸ் தரையெங்கும் சிதறியது.

நான் டார்ச்சைத் துப்பிவிட்டு எழுந்தேன். "இத்தன நாளும் நீதானா? அந்த வினிகர் நாத்தம் அடிச்சப்பகூடவா தின்ன?"

"அதுதான் ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றாள் அவள்.

வேறு எவனுக்காவது அந்த இடத்திலேயே விளங்கியிருக்கும். நான் பந்தலைப் பற்றி, கமிட்டியைப் பற்றி, என் மானத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனேன்.

அவள் ஐஸைப் பொறுக்கக் குனியப் போனாள். பாதியில் நின்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, முதுகு வளையாமல், மெதுவாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

அப்படி அவள் உட்கார்ந்து இதற்குமுன் பார்த்திருக்கிறேன்.

பந்தல் பேச்சை விட்டுவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"எத்தன மாசம்?"

"மூணு முடியப் போவுது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கிடந்த ஐஸ் ஒவ்வொன்றாகக் குவளைக்குள் போனது.

"முன்ன ரெண்டு தடவையும் மொத நாளே உங்ககிட்ட சொன்னேன். நீங்க தெருவுக்கே சொன்னீங்க. அப்புறம் ஒண்ணுமில்லாமப் போனப்ப, ஒவ்வொரு வீட்டுக்கும் நாந்தான பதில் சொன்னேன்."

வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

"மச்சான்!" பிச்சைமுத்துவின் குரல். "ஐஸ் மெஷின்ல ஆயர் பத்து விழுதா? இல்ல, ரிப்பேராகி இன்னும் ரோசாக்தானா?"

நவமணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பயம் என்னைப் பற்றியது என்று புரியக் கொஞ்சம் நேரமாயிற்று.

"ரோசாக்லா மச்சான்!" என்று கத்தினேன். "பந்தலுக்கு ஐஸ வெளிய வாங்கச் சொல்லிரு. எனக்கு இத சரி செய்யத் தெரியல!"

அவன் சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

நவமணி குவளையைக் கழுவி என்னிடம் நீட்டினாள். நான் கதவைத் திறந்து, விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தேன்.