அடிப்பலகையின் சத்தம்

"நீங்களே தட்டிப் பாருங்கோ, அண்ணை" என்று ஸ்க்ரூட்ரைவரை என் கையில் தந்துவிட்டு, ஆனந்தராஜா இரண்டடி பின்னால் போய் நின்றார்.

1976 மார்ச், ஒரு சனிக்கிழமை. காலை பத்தேகால். பரமட்டா ஆற்றங்கரையில் ஒரு சின்னப் படகுத்துறை. அந்தப் பழைய மோட்டார் படகைக் கரையில் ஏற்றி, மரக்கட்டைகளில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். முப்பத்தாறு அடி. 1937இல் கட்டியது. வெள்ளைப் பூச்சு பாளம் பாளமாக உரிந்திருந்தது. எஞ்சினைக் கழற்றி ஒரு பக்கம் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். திருத்த வேலை உண்டு என்று பத்திரிகை விளம்பரத்திலேயே போட்டிருந்தது.

குனிந்து, ஸ்க்ரூட்ரைவரின் பிடியால் தட்டினேன். ஓரிடத்தில் கிண் என்றது. பின்பக்கம், அடிப்பலகையில் தொப் என்றது.

எது நல்ல சத்தம் என்று எனக்குத் தெரியாது.

என் ஊர் வல்வெட்டித்துறை. அது உண்மை. கப்பல் கட்டிய ஊர். அதுவும் உண்மை. ஆனால் என் அப்பா அங்கே தபாற்கந்தோரில் முத்திரை விற்றவர். நான் சிட்னியில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் கடிதம் எழுதுகிறவன். துறைமுகத்துக்குள்ளேயே ஓடுகிற மேன்லி ஃபெர்ரியில் ஏறினாலே எனக்கு வயிற்றைப் புரட்டும்.

மூன்று வருடத்துக்கு முன் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு வீட்டுப் பொங்கலில் யாரோ ஊரைக் கேட்டார்கள். சொன்னேன். "அப்ப கப்பல் கட்டுற பரம்பரை எண்டு சொல்லுங்கோ!" என்று எனக்கொரு கதிரை இழுத்துப் போட்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்கு, இலுப்பைப் பலகையை நெருப்பில் வாட்டி வளைக்கிற கதை ஒன்றும் சொன்னேன்.

"எப்பிடி, அண்ணை?"

"நல்ல மரம்."

ஆனந்தராஜா என்னைக் கட்டிப்பிடிக்காத குறை.

படகை வாங்கி, கிறிஸ்மஸுக்குள் திருத்தி முடித்துவிட வேண்டும். பிறகு துறைமுக வாசலைத் தாண்டி, திறந்த கடலில், வடக்கே ஹாக்ஸ்பரி ஆறு வரைக்கும் குடும்பத்தோடு போக வேண்டும். இதுதான் அவருடைய திட்டம். படமே கீறி வைத்திருந்தார். மனைவி இரஞ்சிதத்துக்குச் சமைக்க ஒரு குசினி. மகள்மார் இருவருக்கும் மேலும் கீழுமாக இரண்டு படுக்கை.

"அப்பா, விச் வன் இஸ் மை பெட்?" என்று மூத்தவள் யோகா ஏணியில் நின்று கேட்டாள். அவளுக்கு எட்டு வயது. தங்கைக்கு ஆறு. இருவருக்கும் நீந்தத் தெரியாது.

இரஞ்சிதம் கூடையோடு வந்தார். பத்தரைக்கு இராகுகாலம் முடிகிறது. கற்பூரம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து.

"வீட்டிலை ஒரு பைப் பூட்டினா மூண்டு நாளைக்கு ஒழுகும். இவர் கப்பல் திருத்தப் போறார்! நீங்கள் பாக்கிறபடியாத்தான் அண்ணை நான் ஓம் எண்டனான்" என்றார்.

பிறகு கூடையிலிருந்து ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு முழித்தார். புது வாகனத்தின் சில்லுக்கு அடியில் வைத்து நசிக்கிற பழம். இதற்குச் சில்லு இல்லை.

"உங்கடை ஊரிலை எங்கை வைக்கிறவை?"

"அணியத்திலை" என்று படகின் முன்மூக்கைக் காட்டினேன். அந்த வழக்கம் அந்த நிமிடத்தில்தான் பிறந்தது.

நாலு பேரும் முன்பக்கம் போனார்கள். நான் பின்பக்கத்திலேயே நின்றேன்.

கையெழுத்து இன்னும் விழவில்லை. எனக்கு மரம் தெரியாது. மூன்றே சொல். போய்ச் சொல்லிவிடலாம்.

யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள். படகுக்குச் சொந்தக்காரர், மிஸ்டர் டொய்ல். எழுபது வயதிருக்கும். என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய், சின்னக் குரலில் இங்கிலீஷில் அவர் சொன்னது இதுதான்:

பின்பக்கம் அடிப்பலகை உள்ளே உக்கி இற்றுப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் நண்பரிடம் இரண்டு தரம் சொன்னேன். படகுப் பரிசோதகர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டு, பிறகு வாங்கு என்றேன். அவர் சிரிக்கிறார். தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டுகிற ஆள் எங்களிடமே இருக்கிறார் என்கிறார். சின்னப் பிள்ளைகளோடு கடலுக்குப் போகப்போகிறாராம். எனக்கு நித்திரை வருகிறதில்லை. நான் பேக்கரி வைத்திருந்தவன், இதில் ஏறி மீன் பிடித்தவன், அவ்வளவுதான். மரம் தெரிந்தவர் நீங்கள். நீங்கள் சொல்லுங்கள். என் பயம் பிழையா?

முன்பக்கம் கற்பூரம் ஏற்றியாயிற்று. பிள்ளைகள் கண்ணை இறுக்கி மூடிக் கும்பிட்டார்கள். கற்பூரம் எரியும்போது உக்கல், ஓட்டை என்ற சொற்களை எங்கள் ஆட்கள் வாயில் எடுக்கமாட்டார்கள்.

அது எனக்கு வசதியாகப் போயிற்று.

"கிழவன் என்னவாம், அண்ணை?" என்று அங்கிருந்து ஆனந்தராஜா கேட்டார்.

"படகைக் கவனமாப் பாக்கட்டாம்" என்றேன்.

டொய்லுக்குத் தமிழ் விளங்காது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி, கந்தோர்க் கடிதங்களில் எழுதுகிற அதே நல்ல இங்கிலீஷில், பயப்பட ஒன்றுமில்லை என்றேன்.

அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்து நன்றி சொன்னார்.

இன்றைக்கு நித்திரை வரும் என்றார்.