மரபுமானி முன் ஒரு சண்டை

பாட்டில் எவ்வளவு மரபு இருக்கிறது என்று அளக்கும் மரபுமானியின் முள் நாற்பத்தொன்றில் நின்றுவிட்டது. அறுபதைத் தொடாத பாட்டைப் பள்ளிக்கூட மேடையில் பாடக்கூடாது. குக்கர் விசிலையும் லிஃப்ட் மணியையும் கோத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே கட்டிய பாட்டு அது. "இது உங்க பாட்டு" என்று அவர்களைக் கொண்டாட வைத்தவள் பாட்டு டீச்சர் பூங்கோதை. இனி எந்த முகத்தோடு மேடை இல்லை என்று அவர்களிடம் சொல்வது?

அளக்க வந்த ஆய்வாளர் கருவியை அணைக்கும் முன்பே பின்வரிசையில் நிலோஃபருக்கும் பக்கத்தில் நின்றவளுக்கும் சண்டை மூண்டது.

"நீதாண்டி சுருதியக் கெடுத்த!"

"நானாடி? உன் தொண்டையில தவளைடி!"

"உன் தலையில பேனுடி!"

இருவரும் கிள்ளிக்கொள்ள, மற்றவர்கள் தாளத்தோடு கைதட்டி ஏற்றிவிட்டார்கள். அதட்ட எழுந்த பூங்கோதை, தன் கால் தாளம் போடுவதை உணர்ந்து அப்படியே நின்றாள். முள் தொண்ணூற்றிரண்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"யாரும்மா இந்த ஏசல் பாட்டைச் சொல்லிக்கொடுத்தது?" என்றார் ஆய்வாளர்.

"யாருமில்ல சார், சண்டை போட்டோம்."

பூங்கோதைக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "சண்டையையும் நடுவுல சேர்த்து, முதல்லேர்ந்து பாடுங்க!"

முள் எழுபதைத் தாண்டியது. மேடை கிடைத்துவிட்டது. நிலோஃபருக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"டீச்சர், மேடையில நிஜமாவே கிள்ளலாமா?"