சனிக்கிழமைச் சட்டை

உடைந்த இசைத்தட்டின் இரண்டு துண்டுகளையும் அந்த அம்மாள் மேசைமேல் வைத்தாள். "இனிமே இந்தப் பாட்டை ரேடியோவுல போடாதீங்க தம்பி," என்றாள்.

அறிவிப்பாளன் வெண்டல் துண்டுகளைப் பார்த்தான். டெல்டா ஸ்பாரோஸ் குழுவின் 'சனிக்கிழமைச் சட்டை'.

அமெரிக்காவில், ஆர்கன்சா மாநிலத்தின் அந்தச் சிற்றூரில் ராக் அண்ட் ரோல் என்றாலே முகம் சுளிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. இது சாத்தானின் சங்கீதம் என்று போதகர் பிரசங்கம் செய்த மறுநாளே வானொலி நிலையத்தின் ஜன்னலில் கல் விழுந்தது. செருப்பில் பருத்திக்காட்டுச் சேற்றோடு, ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த இவளும் அந்தக் கூட்டம்தான் என்று நினைத்தான். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

"போதகர் அனுப்புனாரா?"

"யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்."

"அம்மா, ரயில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் வெள்ளைப் பசங்க, அந்தப் பக்கம் கறுப்புப் பசங்க. ரெண்டு பக்கமும் சேர்ந்து கேக்குறது இந்தப் பாட்டைத்தான். இதைக் கேட்டுட்டுத்தான் தெருவுக்குத் தெரு கிட்டாரோட அலையறானுங்க. முடிவெட்டுற கடையில போய், பாடுற லக்கி மாதிரியே வெட்டி விடுன்னு நிக்கிறானுங்க. அதுதான உங்களுக்கு ஆகல?"

"அதெல்லாம் நல்லதுதான். மத்த பாட்டெல்லாம் போடுங்க. இது ஒண்ணு மட்டும் வேணாம்."

"அப்படி இதுல என்ன கெட்டது இருக்கு?"

அவள் கைப்பையின் வாரைத் திருகினாள். "எங்க வீட்டுக்காரர் காதுல விழக் கூடாது."

"பிடிக்கலன்னா ரேடியோவ அணைச்சு வைக்க வேண்டியதுதான?"

"கட்டில் பக்கத்துலயே வெச்சுக்கிட்டிருக்காரு. என்னைத் தொட விடமாட்டேங்குறாரு."

வெண்டல் சிரித்துவிட்டான். "அப்ப அவருக்குப் பிடிச்சிருக்கு. உங்களுக்குத்தான் பொறுக்கல."

அவள் இடத்தை விட்டு நகரவில்லை.

போன மாதம் அடைமழையில் பாலத்திலிருந்து கார் கவிழ்ந்து, லக்கியும் குழுவின் மற்ற மூவரும் போய்விட்டார்கள். வெண்டல் அவர்கள் பாட்டுக்கு உயிரையே வைத்திருந்தவன். அன்றிலிருந்து மணிக்கொரு தரம் இந்தப் பாட்டைப் போடுகிறான். அவனால் முடிந்த அஞ்சலி அது.

"செத்தவனுக்கு மரியாதை பண்றேன்மா. அதையும் தடுக்க வந்துட்டீங்களே, உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

கோபத்தில் நேரம் வருமுன்பே அதே பாட்டின் வேறொரு தட்டை எடுத்து ஒலிபரப்பில் சுழலவிட்டு, ஊசியை வைத்தான். முரசும் பியானோவும் துள்ளிக்கொண்டு எழுந்தன. ஒலியை இன்னும் கூட்டினான்.

அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டின் நடுவில், அடி ஒன்று தப்பிப்போய் லக்கி வாய்விட்டுச் சிரிக்கும் இடம் வந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

வெண்டல் பதறி எழுந்தான். "என்னம்மா, என்ன பண்ணுது?"

"சிரிக்கிறானே, அது என் பையன், தம்பி. செத்துட்டான்னு எத்தனை தடவ சொன்னாலும் அவங்கப்பா நம்பமாட்டேங்குறாரு."

வெண்டலின் கை தட்டை நோக்கி நீண்டு, பாதியில் நின்றது. அவள் ஜன்னல் வழியே ஆற்றுப் பக்கம் பார்த்தாள்.

"இந்நேரம் எழுந்து போய் வாசக்கதவைத் தெறந்திருப்பாரு."