மெல்னிக்கிலிருந்து ஒரு பாட்டில்

காலை ஐந்தரைக்கு எழுந்தான். அடிபம்பில் இரண்டு குடம் தண்ணீர் அடித்து வைத்தான். பல் விளக்கினான். ஸ்டவ்வுக்குக் காற்றடித்துப் பற்றவைத்து, ஒரு டம்ளர் டீ போட்டுக் குடித்தான். சவரம் செய்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் வெள்ளைச் சட்டை. அதுவும் பழக்கம்தான்.

ஜீவானந்தம் ஊர் திரும்பி நாற்பது நாள் ஆகிறது. அவன் மனைவி சசிகலா செத்து நாற்பத்தாறு நாள்.

பெட்டியை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. மேலாக இருந்த துணிகளை மட்டும் எடுத்திருந்தான். அடியில், கம்பளி ஸ்வெட்டருக்குள் சுருட்டியபடி அந்தப் பாட்டில் கிடந்தது.

இன்று டிசம்பரின் முதல் ஞாயிறு. வடக்குப்பட்டு சர்ச்சில் திருவிருந்து.

அதற்கான திராட்சரசம் சசிகலாவின் பொறுப்பு, கல்யாணமாகி வந்த மாதத்திலிருந்து. சனிக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் போய்ப் பன்னீர்த் திராட்சை வாங்கி வருவாள். சின்ன அலுமினியச் சட்டியில் சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள். எத்தனை முறை துவைத்தாலும் அந்தத் துணியில் ஊதாக் கறை போகாது.

போன மாதம் அவள் இல்லை. யாரோ கடைச் சர்பத்தைக் கலக்கிவைத்துச் சமாளித்தார்கள்.

டிசம்பர் திருவிருந்துக்கு என் வீட்டுக்காரர் நிஜமான திராட்சரசம் கொண்டுவருவார் என்று அவள் சபைப் பெண்களிடம் சொல்லி வைத்திருந்தாள். பாஸ்டர் அதை மறக்கவில்லை. ஏழு மணிக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்.

பல்கேரியா எந்தப் பக்கம் இருக்கிறது என்று கம்பெனி டிக்கெட் கொடுத்த அன்றுதான் அவன் வரைபடத்தில் தேடினான். பாரம் தூக்கும் ஹாய்ஸ்டைப் பிரித்துப் பூட்ட இரண்டு மாதப் பயிற்சி. ஒயின் என்றால் பிரான்ஸ் என்றுதான் அதுவரை நினைத்திருந்தான்.

அங்கே ஃபோர்மன் ஒருவன் சாப்பாட்டு மேசையில் தன் நாட்டு வரைபடத்தை விரித்து, பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினான். டான்யூப் ஆற்றோரம் ஒன்று. கருங்கடல் ஓரம் வெள்ளை ஒயின். ப்ளோவ்திவ் சமவெளியில் மாவ்ருத் என்றொரு கறுப்புத் திராட்சை. கடைசியாகத் தென்மேற்கு மூலையில் சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு வட்டம். மெல்னிக். அது என் ஊர், அறுவடைக்கு வா என்றான்.

வட்டங்களைப் பற்றி ஜீவானந்தம் வீட்டுக்கு எழுதினான். சசிகலா பதில் போட்டாள்: வாங்கிக்கொண்டு வாருங்கள், குடித்துப் பார்த்துவிட்டு வராதீர்கள், குடித்து வெறித்த நோவாவுக்கே என்ன ஆயிற்று என்று தெரியுமில்லையா.

பயிற்சி அக்டோபர் பதினொன்றாம் தேதி முடிந்தது. அவன் எட்டு நாள் பிந்திக் கிளம்பினான்.

மெல்னிக்கில் மணற்பாறைக் குன்றைக் குடைந்து நிலவறை வைத்திருந்தார்கள். உள்ளே வரிசையாகப் பீப்பாய்கள். கோடையிலும் அங்கே சில்லென்று இருக்குமாம். அந்தப் பள்ளத்தாக்கை விட்டால் வேறு எங்கும் சரியாக வராத திராட்சை. மூன்று நாள் கத்தரி பிடித்து அவர்களோடு குலை வெட்டினான். விரலெல்லாம் ஊதாக் கறை. சசிகலாவின் வடிதுணி ஞாபகம் வந்து தனியாகச் சிரித்துக்கொண்டான்.

புதன்கிழமை மத்தியானம், வாழ்க்கையில் முதல்முறையாக ஒயின் குடித்தான். நாவற்பழம் போல நாக்கில் துவர்த்தது. தோட்டத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம்தான் இங்கே சசிகலா செத்தாள்.

மூளைக் காய்ச்சல் என்றார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரி. அவன் மெல்னிக்கிலிருந்து திரும்பி வந்தபோது ஹாஸ்டல் மேசையில் தந்தி கிடந்தது. அவன் ஊர் வந்து சேர்வதற்குள் மழையில் கல்லறை மண் அமுங்கத் தொடங்கியிருந்தது.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இயேசுவே என்றாள் என்றார் பாஸ்டர். உங்க பேரைத்தான் சொன்னாள் என்றார் மாமனார் தாவீது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது என்பது பிறகு தெரிந்தது.

கூடவே இருந்தவள் சசிகலாவின் தங்கை ரூத் ஒருத்திதான். அவள் இந்த நாற்பது நாளில் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏழு மணிக்கு வந்து வாசலில் நின்றவள் ரூத்.

பாட்டிலை நீட்டினான். அவள் வாங்கவில்லை. லேபிளை மட்டும் பார்த்தாள். ஒரு குன்று, ஒரு குலை.

“கடைல வாங்கினதா மாமா?”

“இல்ல. தோட்டத்துல குடுத்தாங்க.”

அவள் தலையாட்டினாள். ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றைத் திரும்பக் கேட்டவள் போல.

“அக்கா போன அன்னிக்கு, தந்தி அடிக்கச் சொல்லி உங்க கம்பெனிக்கு நான்தான் போனேன். லீவுல கீறாருன்னாங்க. அப்பாகிட்ட சொல்லல.”

தெருவில் சர்ச்சுக்குப் போகிறவர்களின் செருப்புச் சத்தம் கேட்டது. ஓய்ந்தது.

சசிகலா கடைசியாக என்ன சொன்னாள் என்று அவன் கேட்டான்.

ரூத் பாட்டிலை வாங்கித் தாவணிக்குள் மறைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தபாலாபீசுக்குப் போகலாம் என்று அவள் எழுந்தாளாம். எழுந்தவளின் கையை அக்கா பிடித்துக்கொண்டாளாம். அப்போது சொன்னதற்குப் பிறகு அக்காவுக்குப் பேச்சில்லையாம். அவன் முகத்தைப் பார்க்காமல், அக்கா சொன்னதை அப்படியே சொன்னாள்.

“தந்தி கிந்தி அடிக்காதடீ. இன்னும் எட்டு நாள் மெஷின் வேல கீதாம், அது ஓடினாத்தான் வுடுவாங்களாம். பாவம், ஞாயித்துக்கெழமகூட லீவு இல்லன்னு எழுதிக்கீறாரு.”