துருவின் மேல் சிவப்பு

பழைய ஃபைபர் மோட்டார் படகை அதன் முதலாளி புதுப்பித்தார். விரிசல்களை அடைத்து, தேய்த்து, சிவப்பு வண்ணம் அடித்தார். படகைச் சுமந்து நின்ற டிரெய்லரின் அச்சு துருவேறி இற்றிருந்தது. மிச்சமிருந்த வண்ணத்தை அதன் மேலும் பூசிவிட்டார்.

"துருவைச் சுரண்டாமலே பூசிட்டாரு. சரிவுல அச்சு ஒடிஞ்சா ரெண்டு பேரும் காலி. சேர்ந்து சத்தம் போடுவோம், வா" என்றது டிரெய்லர்.

"சும்மா கிடடா. உன் துருவைப் பார்த்தா என்னைத் தண்ணியில இறக்குறதைத் தள்ளிப் போட்டுடுவாரு. உனக்கும்தான் பெயின்ட் கிடைச்சிருக்கே, போதாதா?" என்றது படகு.

மறுநாள் படகை டிரெய்லரோடு இறுகக் கட்டி, ஜீப்பில் மாட்டி இழுத்துப் போனார்கள். கடலுக்கு இறங்கும் சரிவில் அச்சு முனகியது. படகு திமிறிப் பார்த்தது. கட்டு நெகிழவில்லை.

"அண்ணே," என்றது படகு டிரெய்லரிடம் முதன்முறையாக, "தாங்கிடுவீங்கல்ல?"