கழுதை வயிற்றுக்கடியில்

அயர்லாந்தில் ஒரு மலையடிவாரத்தில் கிழட்டுக் கழுதை ஒன்று இருந்தது. கக்குவான் இருமல் வந்த குழந்தையைக் கழுதையின் வயிற்றுக்கடியில் மூன்று முறை நுழைத்து எடுத்தால் குணமாகும் என்பது அந்த ஊர் நம்பிக்கை.

அன்று நோரா தன் கைக்குழந்தையோடு வந்தாள். இருமி இருமி அதன் முகம் நீலம் பாரித்திருந்தது. அவள் முதல் முறை நுழைத்து எடுக்கும்போதே ஒரு மாட்டு ஈ கழுதையின் விலாவில் உட்கார்ந்து நறுக்கென்று கடித்தது.

"என்ன வைத்தியரே, வயித்துக்குக் கீழே மருந்துக்கடை வச்சிருக்கீரோ?" என்றது ஈ.

"ஒரு மண்ணும் இல்லை," என்றது கழுதை.

"அப்புறம் எதுக்கய்யா கல்லு மாதிரி நிக்கிறீர்? ஒரு உதை விட்டு என்னை விரட்ட வேண்டியதுதானே?"

"அவள் பிள்ளையை என் காலுக்குப் பக்கத்திலேதான் நீட்டுறாள், பார்த்தியா? நான் காலைத் தூக்கினால் பிள்ளை மேல படும். கடிக்கிறதைச் சத்தமில்லாமல் கடி."

மூன்று முறையும் முடிந்தது. கழுதையின் விலாவில் ரத்தம் கசிந்தது, வால்கூட ஆடவில்லை. நோரா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் இருமல் கேட்டது.

"பிழைக்குமா?" என்றது ஈ.

"எனக்கென்ன தெரியும்? மூணு நாள் செய்யணுமாம். நாளைக்கும் வருவாள்."

ஈ கடித்த இடத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தது.

"நாளைக்கு நான் பக்கத்து வயல் குதிரைகிட்டப் போய்க்கிறேன்," என்று முனகிவிட்டுப் பறந்தது.