வெளுத்துப்போன பிளக்

வேகம் போதவில்லை என்று அமலதாஸ் மேடுபள்ளத்தில் ஓட்டும் தன் நாலு சக்கர டூ-ஸ்ட்ரோக் பைக்கின் கார்பரேட்டரில் பெட்ரோல் வரத்தை வீட்டிலேயே குறைத்தான். பெட்ரோலோடு கலந்து வரும் ஆயிலும் குறைந்தது. வண்டி சீறிப் பாய்ந்தது.

"அண்ணே, சூடு தாங்கல! என் முகமே வெளுத்துப்போச்சு!" என்று தீப்பொறி கொடுக்கும் பிளக் பிஸ்டனிடம் கத்தியது.

"பொறாமைப்படாதே. இப்பத்தான் நான் பறக்குறேன்," என்றது பிஸ்டன்.

அடுத்த வளைவில், ஆயில் போதாமல் சூடேறிய பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டி இறுகியது. சக்கரங்கள் நின்றுவிட, அமலதாஸ் முள்வேலியில் போய் விழுந்தான்.

"அண்ணே! அண்ணே!" என்று பிளக் அலறியது. பிஸ்டன் அசையவே இல்லை.

நொண்டிக்கொண்டே வந்த அமலதாஸ் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான்; அது வெளுத்திருந்தது.

"எல்லாம் இந்தச் சனியனாலதான்!" என்று தூக்கி எறிந்தான்.

புதுப் பிளக்கை மாட்டிவிட்டு அவன் அசையாத கிக்கரை உதைத்துக்கொண்டே இருந்தான். புல்லில் கிடந்த பிளக் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.